எல்லாருக்கும் ஆச்சி



குருக்கள் தம் வீட்டுக் கதையை ஏட்டில் எழுதுவது வழக்கமன்று. ஆயினும், ஜூலை 26-ஆம் நாள் வரும் புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாள் நெருங்கும்போதெல்லாம், 2022-இல் இறைவனடி சேர்ந்த எம் அன்னையாரைப் பற்றிச் சில வரிகளேனும் எழுத வேண்டுமென உள்ளம் உந்துகிறது. எமக்கு அவர் அம்மா. தென்காசியில் எம் தெருவினருக்கோ, மத வேறுபாடின்றி, சிறியோர் பெரியோர் அனைவருக்கும் அவர் ‘ஆச்சி’.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எம் அன்னையின் வாயால் பிழைத்தவர் பெரும்பாலும் பிறரே. செங்கோட்டையிலிருந்து மலைக் குகைகளைக் கடந்து புனலூருக்கும் கொல்லத்திற்கும் செல்லும் இரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அந்த மீட்டர்கேஜ் வண்டியில், புனலூரில் வாழ்க்கைப்பட்ட எம் தமக்கையைக் காண அன்னையார் அடிக்கடி செல்வார். குகைக்குள் வண்டி நுழைந்து இருள் சூழ்ந்ததும் பெட்டியிலுள்ள குழந்தைகள் அலறும். அந்த இருட்டிலேயே அன்னையார் கதை சொல்லத் தொடங்குவார். வெளிச்சம் வரும்போது பெட்டி முழுவதும் உறவாகியிருக்கும்.

ஒருமுறை அவ்வண்டியில், கைக்குழந்தையுடன் முகம் வீங்கி அமர்ந்திருந்த இளம்பெண் ஒருத்தியைக் கண்டார். அவளுக்குத் தமிழ் வராது. இவருக்கு மலையாளம் அரைகுறை. கணவன் அடித்ததால் வீட்டைவிட்டு வந்தவள், எங்கே இறங்குவதென்றும் அறியாதிருந்தாள். அன்னையார் அவளைத் தென்காசிக்கு அழைத்து வந்து நான்கு நாள் வீட்டில் வைத்திருந்தார். அவளுடைய பெற்றோருக்குச் செய்தி அனுப்பி, அவர்கள் வந்த பின்னரே விடைகொடுத்தார். அதன்பின் ஆண்டுதோறும் அவ்வீட்டிலிருந்து ஒரு பலாப்பழம் எம் இல்லம் வந்து சேரும். 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக வண்டி நிறுத்தப்பட்டபோதும் பழம் நிற்கவில்லை, பேருந்தில் வந்தது! 2018-இல் மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியதும், அன்னையார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வந்தார்.

தென்காசிக் கோயிலின் கோபுரம் யாம் சிறுவராயிருந்த நாளில் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அது ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்து, 1990-இல் குடமுழுக்கு நிகழ்ந்தபோது ஊர் கொள்ளாத கூட்டம். அன்னையார் வாசலில் இரு பெரிய பானைகளில் நீர்மோர் வைத்து வழங்கினார். நம்மவர் ஒருவர், “வேதக்கார வீட்டில் இது எதற்கு?” என்று முகம் சுளித்தார். “தாகம் எந்த வேதம்னு நான் கேக்கலை அய்யா. நீங்களும் ஒரு செம்பு குடிங்க” என்றார் அன்னையார். அவரும் குடித்தார் என்பதே செய்தி. குருமடத்தில் மறையுரைக் கலையை யாம் முறையாகப் பயின்றவர்தாம். ஆனால் இத்துணைச் சுருக்கமாக எம்மால் எந்நாளும் பேச இயன்றதில்லை.

ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் அவருக்குக் கால் தரியாது. பேரப்பிள்ளைகள் விடுமுறை நாளில் வந்ததும், எண்ணெய்ப் புட்டியும் துண்டுகளுமாக நகரப் பேருந்தில் குற்றாலம் புறப்படுவார். பேரருவியில் நீர் நேரே தலையில் விழுவதில்லை. மேலே பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் வீழ்ந்து, வேகம் தணிந்தே கீழிறங்குகிறது. ஆயினும் புதிதாய் வந்த பெண்கள் அஞ்சி ஒதுங்குவர். முன்பின் அறியாத அவர்களின் கையைப் பிடித்து அருவிக்குள் அழைத்துச் செல்வது அன்னையாருக்குப் பெருமகிழ்ச்சி. இரசிகமணி டி.கே.சி. இதே குற்றாலத்தில் வாழ்ந்து, வந்தவரையெல்லாம் கம்பன் கவியாலும் விருந்தாலும் உபசரித்தார் என்று படித்திருக்கிறோம். எம் அன்னைக்குக் கம்பனைத் தெரியாது. விருந்து மட்டும் தெரியும். அதுவும் சில நாள் புளிச்சோறும் துவையலுமே.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் விதித்த சட்டம் ஒன்றுண்டு. மங்குஸ்தான் பழம் வாங்கினால், ஒன்று அறியாத ஒருவருக்குப் போக வேண்டும். இரவு செபமாலை முடிந்ததும், “இன்னைக்குப் புதுசா யாரைத் தெரிஞ்சுகிட்டே?” என்று ஒவ்வொருவரையும் கேட்பார். பெயர் சொல்லாத பிள்ளைக்கு அன்று கதை இல்லை. புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அந்தப் பாட்டி தம் பேரனுக்கு எந்தச் சட்டம் விதித்தாரோ, அறியோம்.

குருப்பட்டம் பெற்ற நாள்முதல் எம்மை அவர் ‘சாமி’ என்றே அழைத்தார். தொலைபேசியில் முதற்கேள்வி, “சாமி, சாப்பிட்டீங்களா?” என்பது. இரண்டாவது, “பங்கிலே தனியா இருக்கிற கிழவிகளைப் போய்ப் பார்த்தீங்களா?” ஆயரவர்களும் எம்மை அவ்வளவு கண்டிப்பாக விசாரித்ததில்லை!

இத்தகையவருக்கு 2019-ஆம் ஆண்டின் இறுதியில் பக்கவாதம் கண்டது. வலக்கை வீழ்ந்தது, பேச்சும் போயிற்று. மூளையின் இடப்புறம் பாதிக்கப்பட்டால் இவ்விரண்டும் சேர்ந்து நேர்வதுண்டு என மருத்துவர் விளக்கினார். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் அவருக்குச் சொல் வரவில்லை. ஆனால் மாலையில் செபமாலை தொடங்கியபோது, மங்கள வார்த்தைச் செபத்தை அன்னையார் முதலிலிருந்து இறுதிவரை பிழையின்றிச் சொன்னார்! யாம் திகைத்தோம். பேச்சிழந்தோர் சிலருக்கு, நெடுநாள் மனப்பாடமான செபமும் பாட்டும் எஞ்சி நிற்பதுண்டாம்.

அதன்பின் அச்செபமே அவர் மொழியாயிற்று. அண்டை வீட்டு இசுலாமியத் தாயார் நாள்தோறும் வந்து கட்டிலருகே அமர்ந்து, மீன் விலை முதல் மருமகள் வரை எல்லாம் சொல்வார். அன்னையார் அச்செபத்தையே வியப்பாகவும், கேள்வியாகவும், சில வேளை கண்டிப்பாகவும் திருப்பிச் சொல்வார். அந்தத் தாயாருக்கு எல்லாம் விளங்கியது. “நீங்க சொல்றது சரிதான் மதினி” என்பார்.

திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் நாள் 2021 ஜூலை 25-ஆம் நாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. பெருந்தொற்றினால் குற்றாலத்தில் குளிக்கத் தடை. அருவி கொட்டியது, ஆளில்லை. வீட்டிலேயே திருப்பலி நிறைவேற்றினோம். பின்னர் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கட்டிலருகே சென்று, தாம் புதிதாய் அறிந்த ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். இளையவள் மட்டும், ஊரடங்கில் யாரையும் பார்க்கவில்லை என்று தலைகுனிந்தாள். அன்னையார் இடக்கையால் அவள் மோவாயை நிமிர்த்தி, சன்னல் பக்கம் காட்டினார். தெருவில் காய்கறி வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவள் இறங்கி ஓடினாள்.