குனியவும் கூடாது, அண்ணாந்து பார்க்கவும் கூடாது

ஆபரேஷனைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், தூங்கினேன், எழுப்பினார்கள். அங்கே பாடுபட்டதெல்லாம் டாக்டர். நான் பட்டதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

கழுத்தில் எலும்பு 7. அத்தனை உயரம் நிற்கிற ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான் என்பது எனக்கு ஓர் அற்ப ஆறுதல். என்னுடையதில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவிலிருந்த ஜவ்வு பிதுங்கி, வலது கைக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், வகுப்பில் சாக்பீஸ் தானாக நழுவத் தொடங்கியது. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. ஜவ்வை எடுத்துவிட்டு அங்கே ஒரு சின்னக் கூண்டை வைத்து, முன்பக்கம் டைட்டானியம் தகட்டைத் திருகி, இரண்டு எலும்பையும் ஒரே எலும்பாக ஒட்டவைப்பது என்று முடிவானது.

“தண்டுவடம் பின்னால இருக்கு, தொண்டையில எதுக்கு வெட்டினாங்க?” பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜவ்வுக்கும் பின்னால்தான் தண்டுவடம் இருக்கிறது. பின்வழியாகப் போனால் அதைத் தாண்டித்தான் ஜவ்வை எட்ட வேண்டும். முன்வழியாகப் போய் மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெரிய ரத்தக்குழாயை மறுபக்கம் ஒதுக்கினால் நேரே எலும்பு. 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபின்சனும் ஸ்மித்தும் இந்த வழியை வகுத்தார்கள். ஹவாயில் கிளவர்ட் என்பவர் தனியே இன்னொரு முறையைக் கண்டார். 1941இல் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது தலையில் அடிபட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தவர் அவர். இரு தரப்பின் கட்டுரைகளும் 1958இல் வந்தன. அப்போதெல்லாம் ஒட்டுவதற்கான எலும்புத் துண்டை நோயாளியின் இடுப்பிலிருந்தே எடுப்பார்கள். கழுத்தைவிட இடுப்புதான் அதிகம் வலித்தது என்று சொன்னவர்கள் உண்டாம். அந்த வலி எனக்கு மிச்சம்.

மிச்சமில்லாதது தொண்டை வலி. ஒதுக்கி வைக்கப்பட்ட குழாய்கள் கொஞ்ச நாளைக்குக் கோபமாகவே இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இட்லியைப் பாலில் ஊறவைத்தால் இறங்கும். பொடியில் ஒரே ஒரு பருக்கை கூடுதலாக இருந்தாலும் நடுவழியில் நிற்கும். குரல் நரம்பு ஓடுவதும் அந்தப் பக்கம்தான் என்பதால் குரலும் கம்மிப்போனது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார்கள், எனக்கும் ஆனது. ஆனால் அதுவரை, நாற்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்கிய கணக்கு டீச்சருக்கு, வீட்டுக்குள் உப்பு கேட்கவே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

தண்ணீர் குடிப்பது தனிக்கதை. டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக் குடித்துத்தான் எங்கள் வீட்டில் பழக்கம். கழுத்தை அசையவிடாமல் பிடிக்கும் காலரைப் போட்டுக்கொண்டு அண்ணாக்க முடியாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் என் கட்டிலருகே ஒரு தனி டம்ளர் வந்திருந்தது, அடியில் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்து. எச்சில் விஷயத்தில் ஆபரேஷனுக்கெல்லாம் சலுகை கிடையாது.

அத்தைக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஸ்கேன் எடுக்கும்போதே தாலிச் சங்கிலியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டேன், அது வழக்கம்தான். ஆனால் ஆபரேஷனுக்குக் கழுத்தில் கயிறுகூட இருக்கக் கூடாது. வெட்டுகிற இடமே அதுதானே. “கையில கட்டிக்கோங்கம்மா” என்று நர்ஸ் சாதாரணமாகச் சொல்லி, இடது மணிக்கட்டில் அவரே முடிச்சுப் போட்டுவிட்டார். தினமும் எத்தனை பேருக்கு அப்படிக் கட்டிவிடுகிறாரோ, முடிச்சு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. கழுத்து மடிப்பில் போட்ட தையல் ஆறும்வரை கயிறு கையில்தான் இருந்தது. பார்க்க வந்த பெண்கள் முதலில் என் காலரைப் பார்ப்பார்கள், அடுத்து அதன் கீழே தேடுவார்கள், பிறகு கையைக் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாக உட்காருவார்கள்.

குனியாதே என்றார்கள் அல்லவா? எங்கள் வீட்டைக் கட்டியவர்கள் குனிவதற்கென்றே கட்டியிருக்கிறார்கள். அரிசி டிரம் மேடைக்கு அடியில். சிலிண்டர் அதற்குப் பக்கத்தில். அரிவாள்மணை தரையில், துவைக்கிற கல் முழங்கால் உயரத்தில், பூஜை அலமாரியில் எண்ணெய்ப் பாட்டில் கடைசித் தட்டில், கோலம் வாசல் தரையில். அறுபது வயதை எட்டப்போகும் ஒரு பெண் ஒரு நாளைக்கு இந்த வீட்டில் எத்தனை தரம் தலையைத் தாழ்த்துகிறாள் என்று யாராவது ஒரு கருவி பொருத்திப் பார்த்தால் தேவலை. தட்டில் இருக்கும் சோற்றைப் பார்க்கக்கூடக் குனிய வேண்டும். அதனால் தட்டை நெஞ்சுக்கு நேராக ஏந்தி, குழம்பு எது, கூட்டு எது என்று விரலால் அறிந்து சாப்பிட்டேன். மாறாக, நேர்ப்பார்வையில் படுகிறதெல்லாம் புதிதாகத் தெரிந்தது. டியூப்லைட்டுக்குப் பின்னால் அவ்வளவு ஒட்டடை. சொல்லித் தொலைக்கக் குரல்தான் இல்லை.

தலையாட்ட முடியாததுதான் பெரிய சங்கடம். நம் ஊரில் பாதிப் பேச்சு தலையில்தான் நடக்கிறது. சரி என்பதற்கு ஒரு சாய்ப்பு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஓர் அசைப்பு, வேண்டாம் என்பதற்கு ஒரு திருப்பு. இது எதுவும் இல்லாமல், குரலும் இல்லாமல், நேராக வெறித்துக்கொண்டு ஒருத்தி நின்றால் எதிரே இருப்பவர் என்ன நினைப்பார்? கீரைக்காரம்மா முருங்கைக்கீரைக்கு விலை சொன்னார். நான் நின்றேன். தானாகவே ஐந்து ரூபாய் குறைத்தார். பிறகு, “கோவமா டீச்சர்?” என்று கேட்டார்.

வந்தவர்களிடம் வைத்தியத்துக்குக் குறைவில்லை. பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப், முன்பே கேட்டிருந்தால் எலும்புக்குக் கட்டுப் போடும் புத்தூருக்குக் கூட்டிப்போயிருப்பேனே என்ற ஆதங்கம். துவையலும் சூப்பும் சாப்பிட்டேன், இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் எல்லாருக்கும் என்னைவிட என் கணவர்மேல்தான் அனுதாபம். “சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?” என்று அவரிடம் கேட்பார்கள். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது என்னிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. “நான்தான் சமைக்கிறேன்” என்பார் அவர், பெருமை தாங்காமல். அவர் வைக்கும் சோறு நாளும் குழையும். சாதாரண நாளில் சண்டை வந்திருக்கும். அந்தத் தொண்டைக்கு அதுதான் இறங்கியது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் எதிரே வந்து பேசுகிற வழக்கமில்லை. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து மாடிக்கு, முதுகைப் பார்த்தபடியே பேச்சு ஓடும். இப்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் காலை எடுத்துவைத்து உடம்போடு திரும்ப வேண்டும். இரண்டு மூன்று தரம் அதைப் பார்த்தவர், பிறகு எது கேட்பதானாலும் சுற்றி வந்து என் முன்னால் நின்று கேட்கத் தொடங்கினார். பெருங்காயம் எங்கே என்பது போன்ற கேள்விகள்தான். இருந்தாலும் அவருடைய இடது புருவத்தில் நரை விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

படுக்கையிலிருந்து எழ, பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மரக்கட்டை போல ஒருக்களித்து உருண்டு, காலைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்ற வேண்டும். தண்ணீர்க் குடம், நிறைந்த குக்கர் எதையும் தொடக் கூடாது. ஆட்டோவில் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் வரும். சில வகை வலி மாத்திரைகள் எலும்பு ஒட்டுவதைத் தாமதமாக்கலாம் என்பதால் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளவும் தடை. இவையெல்லாம் செய்யாமல் இருப்பதன் பட்டியல். செய்வதற்கென்று இருந்தது நடை மட்டும்தான். மீதியை எலும்பு பார்த்துக்கொள்ளும்; கூண்டுக்குள் வைத்த எலும்புத் தூளைச் சில செல்கள் அரித்துத் தின்ன, வேறு சில செல்கள் புது எலும்பைப் படியவைக்கும். மாதக்கணக்கில் நடக்கிற வேலை, முழுதாக முடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். அதை உணரவே முடியாது என்பதுதான் எரிச்சல். வலி குறைந்ததும் குணமாகிவிட்டது என்று மனசு சொல்லும். எலும்புக்கு அது தெரியாது.

பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் திருகுகள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் மங்கலாக ஒரு பாலம்போல எலும்பு கோத்திருப்பதை டாக்டர் பேனா முனையால் காட்டினார். காலர் வேண்டாம் என்றார். தலை திரும்புமா என்று பயந்து கேட்டேன். தலை திரும்புவதில் ஏறக்குறையப் பாதி முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது, அங்கே நாங்கள் போகவே இல்லை என்றார்.

வெளியே வராந்தாவில் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் அவள் புருஷன். அடுத்த வாரம் அவளுக்கு இதே ஆபரேஷன். “ரொம்ப வலிக்குமாக்கா?” என்றாள். தொண்டைதான் வலிக்கும் என்றேன். பருப்பு டப்பாக்களை இப்போதே இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றிவிடு, ஸ்ட்ரா வாங்கிவை, காலருக்கு அடியில் வைக்கப் பழைய வேட்டியைக் கிழித்து வை, இல்லாவிட்டால் வேர்க்குரு பிடுங்கும் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் புருஷன் போனில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு நிறுத்திவிட்டு, “சமையலுக்கு ஆள் வைக்கணுமா?” என்றார்.

“உங்களுக்குச் சோறு குழைய வடிக்க வருமா?” என்று கேட்டேன்.