கணக்கில் ஒரு வரி

ஊரிலிருந்து போன் பேசுகிற பழைய வங்கி நண்பர்கள், சர்க்கரை, பிரஷர், பேரன் பேத்தி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு கடைசியில் ஒரு கேள்விக்கு வந்துவிடுவார்கள். "ஏம்ப்பா, சேப்பாக்கத்து வெயிலில் காய்ந்து மேட்ச் பார்த்த ஆளாச்சே நீ. அந்த பேஸ்பாலில் என்னதான் இருக்கிறது? அதுவும் பெரிய டீமைப் பார்த்தாலாவது பரவாயில்லை. பேர் தெரியாத பையன்கள் ஆடுவதைப் போய்ப் பார்க்கிறாயாமே!"

போனில் இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

2008இல் ஓய்வு பெற்று, மறு வருடம் மகளோடு இருக்க ரோட் ஐலண்ட் வந்தேன். அமெரிக்காவிலேயே சின்ன மாநிலம் இதுதான். மகள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாட்டக்கெட் என்று ஒரு பழைய ஆலைத் தொழில் ஊர். அங்கே 1942இல் திறந்த மெக்காய் ஸ்டேடியம். ஒரு கோடைக்கால சாயங்காலம் மாப்பிள்ளை, "வாங்க மாமா, சும்மா வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். அவர் அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை. நான் போவதை நிறுத்தவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். மேஜர் லீக் எனப்படும் உச்சத்தில் 30 அணிகள். ஒவ்வொன்றின் கீழும் படிப்படியாக மைனர் லீக் அணிகள். பையன்கள் அடிப்படியில் சேர்ந்து, தேறத் தேற மேலே ஏற வேண்டும். இப்படி நாற்றங்கால் வைத்து ஆட்டக்காரர்களை வளர்க்கும் முறையை 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக உருவாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி. பிற்பாடு ஜாக்கி ராபின்சனை எடுத்து, வெள்ளையர் மட்டுமே ஆடிய மேஜர் லீகின் கதவைத் திறந்தவரும் அவர்தான். ராபின்சனும் மைனர் லீக் வழியாகத்தான் வந்தார். 1946 ஏப்ரல் 18 அன்று மாண்ட்ரியல் ராயல்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். அடுத்த வருடம்தான் புரூக்ளின் டாட்ஜர்ஸ்.

பாட்டக்கெட் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கீழே, மைனர் லீகின் மேல்படியில் இருந்தது. அங்கிருந்து பாஸ்டன் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்க முடியாமலே பல பேர் ஆட்டத்தை விட்டிருக்கிறார்கள்.

மெக்காயில் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே. குழந்தைகளுக்கு அவர்கள் முகம் தெரியாது. அதனால் பிளாஸ்டிக் பால் கேனைப் பாதியாக வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் வைத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றில் வாளி விடுவதுபோல் இறக்குவார்கள். கீழே யாரோ கையெழுத்துப் போட்டுக் கயிற்றை இழுத்துவிடுவார். கையெழுத்துப் போட்டவர் நாளைக்குப் பெரிய ஆளாவாரா, அடுத்த மாதமே வீட்டுக்குப் போவாரா என்பது குழந்தைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நான் அங்கே என்ன செய்வேன்? கணக்கு எழுதுவேன். முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா! பேஸ்பாலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3 என்று போகும். 6-4-3 என்று எழுதினால் பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆனார்கள் என்று ஐம்பது வருடம் கழித்தும் படித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்தவர். கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். ஆக, நான் ஒன்றும் வேறு வீட்டுக்குப் போய்விடவில்லை. பங்காளி வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன்.

அந்த மைதானத்தின் பெரிய கதை 1981இல் நடந்தது. ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு. ராபின்சனின் முதல் ஆட்டம் நடந்த அதே தேதி, அதே இன்டர்நேஷனல் லீக். பாட்டக்கெட்டும் ராச்செஸ்டர் ரெட் விங்ஸும் மோதின. சாதாரணமாக 9 இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் சமனாகி இழுத்துக்கொண்டே போனது. பின்னிரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று விதி உண்டு. ஆனால் அம்பயர்களிடமிருந்த கையேட்டில் அந்த விதி விட்டுப்போயிருந்தது. குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். 21ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் முந்தியது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விடுவதற்குள் வேட் பாக்ஸ் அடித்து மறுபடி சமன் செய்தார்.

கடைசியில் லீக் தலைவரைப் போனில் பிடித்து, 32 இன்னிங்ஸ் முடிந்தபின் அதிகாலை 4.07க்கு நிறுத்தினார்கள். விடிந்தால் ஈஸ்டர். தொடங்கும்போது 1,740 பேர் இருந்த மைதானத்தில் மிச்சம் 19 பேர். ஜூன் 23 அன்று மீதியை ஆடினார்கள். அப்போது மேஜர் லீகில் வேலைநிறுத்தம். நாட்டின் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் இங்கே திரண்டுவிட்டார்கள். 18 நிமிடத்தில் முடிந்தது. 33ஆவது இன்னிங்ஸில் டேவ் கோஸா அடித்த பந்தில் மார்ட்டி பாரெட் ஓடி வந்து, பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இல்லை.

அன்று ஆடியவர்களில் வேட் பாக்ஸும், ராச்செஸ்டரின் கால் ரிப்கென் ஜூனியரும் பிற்காலத்தில் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார்கள். வெற்றி அடி அடித்த கோஸா ஒரே ஒரு நாள்கூட மேஜர் லீகில் ஆடவில்லை. ராச்செஸ்டரின் டாலஸ் வில்லியம்ஸ் 13 முறை மட்டை பிடித்து ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் அந்தத் தாளை இன்று எடுத்துப் பாருங்கள். ரிப்கெனுக்கு ஒரு வரி. கோஸாவுக்கு ஒரு வரி. வில்லியம்ஸின் பூஜ்யத்துக்கும் ஒரு வரி. யார் வரியும் யார் வரியைவிடப் பெரிய எழுத்தில் இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று சொல்ல வேண்டுமானால் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் வேகப்பந்து வீச்சாளன். சென்னை லீகில் பத்து வருடம் ஆடினான். ஒரு வருடம் ரஞ்சி உத்தேச அணியில் பெயர் வந்தது. பதினைந்து பேருக்குள் வரவில்லை. அடுத்த வருடம் முழங்கால் போயிற்று. எந்தக் கம்பெனி டீமுக்காகப் பந்து வீசினானோ அங்கேயே ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாக இருந்து, 2006இல் மாரடைப்பில் போய்விட்டான். "பத்து வருஷத்தை மைதானத்தில் தொலைத்தான்" என்று அப்பா சாகும்வரை சொன்னார். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். இறந்த வீட்டில்கூடச் சொன்னார்கள்.

அவன் எத்தனை விக்கெட் எடுத்தான்? யாருக்கும் தெரியாது. கிளப்பின் ஸ்கோர் புத்தகங்கள் ஒரு மழைக்காலத்தில் ஊறி, பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டன. ஐந்து விக்கெட் எடுத்தால் மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும். அம்மா டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்த அப்படி மூன்று துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. அவ்வளவுதான்.

மெக்காயில் உட்கார்ந்து எழுதும்போது ஒன்று தெளிவாயிற்று. மேலே போகாதவன் தோற்றவன் என்றால் இந்த விளையாட்டே நடக்காது. ரிப்கென் ரிப்கென் ஆவதற்கு எதிரே பந்து போட நூறு பேர் வேண்டும். அவர்களும் முழு ஆட்டம்தான் ஆடினார்கள், பாதி ஆட்டம் இல்லை. 2008இல் இந்தியாவில் ஒரு டி.வி. போட்டியில் பொறுக்கியெடுத்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்து மைனர் லீகில் ஆடினார்கள். 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று 2014இல் படம்கூட வந்தது. நம்ம ரஹ்மான் இசை. இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை. அவர்கள் வீசிய ஒவ்வொரு இன்னிங்ஸும் கணக்கில் இருக்கிறது.

கணக்கில் வரி இருந்ததே தவிர, கையில் காசு இருந்ததில்லை. மேல்படியில் ஆடியவருக்கே குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 17,500 டாலர்தான். அந்தக் காசில் இங்கே குடித்தனம் நடத்த முடியாது. 2022இல் இவர்களுக்கும் தொழிற்சங்கம் வந்தது. 2023 ஒப்பந்தத்தில் அது 35,800 ஆயிற்று. யூனியனில் இருந்தவன் என்ற முறையில் அன்றைக்கு எனக்குப் பரம சந்தோஷம்.

வருத்தமும் உண்டு. மேஜர் லீகோடு இணைந்த 160 மைனர் லீக் அணிகளை 2021இல் 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். பல சின்ன ஊர்களுக்குக் கோடைக்காலமே காலியாயிற்று. எங்கள் அணி மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டருக்கு மாறியது. 2020 முழுவதும் கொரோனாவில் ஆட்டமே இல்லாததால் மெக்காய்க்கு ஒழுங்கான பிரியாவிடைகூடக் கிடைக்கவில்லை. பூட்டிக் கிடந்த மைதானத்தை 2025இல் இடிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் வரப்போகிறதாம். வரட்டும், நல்லதுதான். இப்போது மாதம் ஒருமுறை மகளை நச்சரித்து வூஸ்டர் போய்வருகிறேன்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வருகிற நண்பர்களுக்கு ஒரு யோசனை. நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் பாருங்கள். கூடவே ஒரு சாயங்காலம் பக்கத்து ஊர் மைனர் லீக் ஆட்டத்துக்குப் போங்கள். டிக்கெட் அதிகம் ஆகாது. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். விதி தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

சேப்பாக்கம் பக்கமே இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று. எந்த லீக் மைதானத்திலாவது மரத்தடியில் ஸ்கோர் எழுதுகிற ஒருவர் இருப்பார். நேரம் இருக்கும்போது அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தப் புத்தகங்கள் எங்கே வைக்கப்படுகின்றன, கூரை ஒழுகுகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். யாரோ ஒருவனுடைய அண்ணன் என்றாவது தேடி வருவான்.