குதிரைக்கும் உண்டு வரவு - செலவு!

என் மச்சினனுக்குத் திடீரென்று ஓர் ஆசை. குதிரை வாங்க வேண்டுமாம்! பைக்குக்குப் பெட்ரோல் போடவே மாதக் கடைசியில் என்னிடம் கைமாத்துக் கேட்கிற ஆசாமி! "நீங்க பி.காம்., பேரம் பேச உதவுவீங்க மாமா" என்று போன ஆடியில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஈரோட்டிலிருந்து பவானி வழியாக அந்தியூர். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி அங்கே கூடும் குதிரைச் சந்தை ரொம்பப் பிரசித்தம். ஒரு பக்கம் மேளத்துக்கு ஏற்றபடி குதிரை ஆடுகிறது. இன்னொரு பக்கம் மார்வாரிக் குதிரைகள், இரண்டு காது நுனியும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள, மாப்பிள்ளை முறுக்கோடு நிற்கின்றன.

மச்சினன் ஒரு வெள்ளைக் குதிரையிடம் மயங்கினான். நான் பேசி, ஒன்றே கால் லட்சத்தை ஒரு லட்சமாக்கினேன். பி.காம். வீண் போகவில்லை! அட்வான்ஸ் எடுக்கும்போது பக்கத்து மரத்தடியிலிருந்து ஒரு குரல்.

"மூஞ்சியப் பாத்தது போதுங்க தம்பி. காலைப் பாருங்க."

ஒரு பெரியவர். முழங்கால்களுக்கு நடுவே குதிரையின் காலை இடுக்கிக்கொண்டு, குறட்டால் குளம்பைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு வலிக்காதா?"

"உங்க நகத்தை வெட்டினா வலிக்குதுங்களா? சதையோட வெட்டினாத்தான் வலிக்கும்."

"லாடம்?" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே லாடம், போலீஸ் ஸ்டேஷனில் கட்டுவது.

சிரித்துக்கொண்டே விளக்கினார். குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். தார் ரோட்டில் ஓடுகிற குதிரைக்கு வளர்வதைவிடத் தேய்வது அதிகம், அதனால் லாடம். வயல், மண் பாதை என்று நடக்கிற குதிரைக்குப் பெரும்பாலும் வெறுங்காலே போதும். ஆனால் சும்மா கட்டிப்போட்டால் தேயாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, உருட்டிவிட வேண்டும்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. வளர்ச்சி வரவு, தேய்மானம் செலவு, பெரியவர் ஆடிட்டர்!

இதெல்லாம் பழைய கணக்குதான். ஆணியடித்த லாடம் இல்லாத கிரேக்கத்தில், 2300 வருஷத்துக்கு முன்பே ஸெனோஃபோன், குதிரை நிற்கிற இடத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பச் சொன்னார், குளம்பு உறுதிப்பட.

பெரியவர் வெள்ளைக் குதிரையின் முன்னங்காலைக் காட்டினார். குளம்பு செருப்பு மாதிரி முன்னால் நீண்டிருந்தது. மேலே வளையம் வளையமாகக் கோடுகள். முன்பக்கம் நெருக்கமாக, குதிகால் பக்கம் அகலமாக.

"தானியம் ஜாஸ்தியாத் தின்னுட்டு, வேலையில்லாம நின்னிருக்கும். குளம்புக்குள்ள வீக்கம் கண்டு அவதிப்பட்டிருக்குதுங்க."

குதிரைக்காரர் அவசரமாக மேளம் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"சரி பண்ண முடியாதுங்களா?" என்றான் மச்சினன்.

"ஒரேயடியா வெட்டக் கூடாது. டாக்டரைக் காட்டிட்டு, கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும். மேல இருந்து புதுக் குளம்பு தரைக்கு எறங்கி வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பொறுமை வேணும். இருக்குதுங்களா?"

மச்சினன் பணத்தைப் பைக்குள் வைத்தான். ஆனால் பஸ்ஸில் பவானி வரை வாய் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "அதை இனிமே யார் மாமா வாங்குவாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து, குளம்பு சாஸ்திரத்தை மனைவிக்கு விளக்கியபடி காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தேன்.

"குதிரை இருக்கட்டும். முதல்ல உங்க குளம்பை வெட்டுங்க!" என்று நகவெட்டியை நீட்டினாள்.

என் கணக்கிலும் வரவு ஜாஸ்தி ஆகிவிட்டிருந்தது!