முதல் டெஸ்ட் ஆணுக்கு



இன்று கொஞ்சம் கூச்சமான விஷயம். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தாலே பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்று சிரித்தவர்களில் பலருக்கு இன்று கல்யாண வயதில் பிள்ளைகள். ஆகவே கடைசி வரை படித்துவிடுங்கள்.

நம் தருமபுரிப் பக்கம் கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினால், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி மருமகளிடம்தான் போகும். வெள்ளிக்கிழமை விரதம், கோயில் மரத்தில் தொட்டில், ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் முழுக்கு, பிறகு ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் அவளுக்கே. "மலடி" என்ற சொல்லைக் கேட்காதவர் இல்லை. அதன் ஆண்பாலை யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டது. போலி மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-இல் வந்த மத்தியச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் "பெண்களின் மலட்டுத்தன்மை" இருக்கிறது. ஆண்களுக்கு "ஆண்மைக் குறைவு" மட்டும்தான். இந்த இரண்டையும் நாமும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆண்மைக் குறைவு வேறு, விந்தணுக் குறைவு வேறு. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் விந்தணு பூஜ்யமாக இருக்கலாம். பரிசோதனை செய்யாமல் தெரியாது.

சென்ற தை மாதம் பழைய மாணவர் ஒருவர் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தார். ஊரும் பேரும் வேண்டாம். மனைவிக்கு நான்கு வருட வைத்தியம். வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சே வந்துவிட்டது. ஒரு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் இவர் டெஸ்டுக்குப் போயிருக்கிறார். விந்தணு பூஜ்யம். மறுபடி எடுத்தும் பூஜ்யம்.

"ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயாப்பா?" என்று கேட்டேன்.

"மருந்தெல்லாம் இல்லை சார். உடம்பு ஏற ஜிம்மில் ஊசி மட்டும் போட்டுக்குவேன்."

அந்த ஊசி டெஸ்டோஸ்டிரோன். ஆண்மை ஹார்மோன்தானே, அது எப்படிக் கெடுக்கும் என்று கேட்பீர்கள். வீட்டுத் தொட்டியில் மிதவை ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். லாரித் தண்ணீரை வாங்கி ஊற்றினால் மிதவை ஏறி மோட்டார் நின்றுவிடும். அதே மோட்டாரை நம்பியிருக்கும் வாழை வாடிப்போகும். அதுபோல, வெளியிலிருந்து ஹார்மோன் ஏறியதும் மூளையின் பிட்யூட்டரி சுரப்பி "போதும்" என்று விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. உடம்பு முறுக்கேறும், உள்ளே விந்தணு உற்பத்தி நின்றுபோகும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. வாரம் ஓர் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போயிற்று. கருத்தடைக்கு ஆராய்ந்த மருந்தைப் போட்டுக்கொண்டு பிள்ளைக்குக் காத்திருந்திருக்கிறார் நம் பையன்.

வேறு மருந்துகளும் உண்டு. குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் சல்ஃபாசலசின் விந்தணுவைக் குறைக்கும். மாற்றினால் சில மாதங்களில் சரியாகும். புற்றுநோய் மருந்துகள் நிரந்தரமாகவே பாதிக்கலாம். அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தைச் சேமித்து வைக்கும் வசதியைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்" என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருந்தால் தருவார்.

மருந்து மட்டுமே காரணமும் இல்லை. விதைப்பையில் நரம்பு சுருண்டு புடைப்பது, வயதுக்கு வந்தபின் வந்த பொன்னுக்கு வீங்கி, புகை, குடி, ஓயாத அடுப்புச் சூடு என்று பல உண்டு.

டெஸ்ட் எளிது. வலி இல்லை, ஊசி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். 2021-இல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ் அளவு. அதற்குக் குறைந்தாலும் முடிவு கட்டிவிடாமல் இன்னொரு முறை எடுக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். ஆகவே எந்த வைத்தியத்துக்கும் மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "ஏழே நாளில்" என்று எழுதியிருப்பதை எப்படி நம்புவது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரின் கண்காணிப்பில் இருக்கிறார். போன மாத ரிப்போர்ட்டில் விந்தணு தெரிய ஆரம்பித்திருக்கிறது. முழுமையாகத் தேற ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். குழந்தை இன்னும் இல்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பெருமை. தன் அம்மாவை உட்காரவைத்து, "குறை என்கிட்டதாம்மா, அவளை இனிமே ஒண்ணும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டார். இரண்டாம் கல்யாணப் பேச்சு அன்றோடு நின்றது.

மாமியார் ஆகியிருக்கும் என் மாணவிகளே, மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நாளில் மகனையும் கூட அனுப்புங்கள். தம்பிகளே, முதல் டெஸ்டை நீங்கள் எடுங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரை, போடும் ஊசி, குடிக்கும் பவுடர், லேகியம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள். இப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்