பொட்டி எங்கே இருக்கணும்?

திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வண்டி ஊர் ஊராகப் போகுது. ஓனர் இங்கே. வண்டி எந்த மாநிலத்துல நிக்குதுன்னு அவருக்குத் தெரியணும்.

வண்டியில ஒரு ஜிபிஎஸ் கருவி. அது அனுப்பறதை வாங்கி மேப்ல காட்ட டிராக்கார்ங்கற சர்வர் மென்பொருள் போடலாம். இலவசம். ஜாவாவில் எழுதினது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இன்ஸ்டாலர் தர்றாங்க. அப்புறம் என்ன யோசனை? அதை எந்தப் பொட்டியில ஓட்டறதுன்னுதான்.

ஆபீஸ்ல ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். டாலி அதுலதான். சாயங்காலம் கிளம்பும்போது கணக்குப்பிள்ளை ஷட்டவுன் பண்ணிடுவார். பழக்கம்.

மானிட்டர்ல காகிதம் ஒட்டலாம்: அணைக்காதீங்க.

விண்டோஸ் அப்டேட் காகிதம் படிக்காது.

ராஸ்பெர்ரி பை? கரண்ட் கொஞ்சமாத்தான் இழுக்கும். இன்வெர்ட்டரே போதும். ஆனா எஸ்டி கார்டு. கருவி முப்பது விநாடிக்கு ஒரு தடவை இடத்தைச் சொன்னா ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு 2,880 வரி. எழுத எழுதக் கார்டு தேயும்.

டிராக்கார் கூடவே வர்ற டேட்டாபேஸ் எச்2. அது சோதிச்சுப் பார்க்கத்தான். மைசீக்வெல் தனியாப் போடணும்.

ரிக் வண்டி நாள் முழுக்க ஒரே வயல்ல நிக்கும். மேப்ல மட்டும் சில மீட்டர் அப்படி இப்படி அலையும். ஜிபிஎஸ் அப்படித்தான்.

அந்த வயல் மேப்ல வெறும் வெளிர்நிறம். ரோடுகூடக் கிடையாது.

ஓனர் கேக்கறது கிலோமீட்டர் இல்ல. கம்ப்ரஸர் எத்தனை மணி நேரம் ஓடுச்சு. அதுக்குத் தனி இன்ஜின். கருவியோட வயரை எந்த இன்ஜின்ல கட்டறது?

ஆபீஸ் பிராட்பேண்ட். ஐபி சொந்தமா இல்ல, பல வீட்டுக்கும் சேர்த்து ஒண்ணு. கருவி வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டவே முடியாது.

சர்வர் முகவரி மாறினா ஒவ்வொரு கருவியோட சிம்முக்கும் எஸ்எம்எஸ் அனுப்பணும். வண்டி மத்தியப் பிரதேசத்துல, சிக்னல் இல்லாத இடத்துல. டொமைன் பேரை ஏத்துக்கிற கருவியாப் பார்த்து வாங்கணும்.

டிராக்காரோட போர்ட்கள்: வெப் பக்கம் 8082. ஜிடி06 வகைக் கருவிக்கு 5023. டெல்டோனிகா கருவிக்கு 5027. ஃபயர்வால்ல தேவையானதை மட்டும் திறக்கணும்.

சர்வர் லாக்ல 7878ன்னு ஆரம்பிக்கிற வரி ஓடினா ஜிடி06 பேசுதுன்னு அர்த்தம். பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல.

யூடிசி கணக்குல 2019 ஏப்ரல் 6. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1023-ஐத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்த ராத்திரி. பழைய கருவிகள்ல சிலது 1999-க்குப் போயிடுச்சு. சர்வர்ல லினக்ஸ் போட்டிருந்தாலும் கருவி போயிருக்கும்.

ஆபீஸ்ல வேண்டாம்னா, மாச வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது வேற கம்பெனி இடத்துல ஓடற சர்வர். உபுண்டு. சின்னதே போதும். கரண்ட் போனா அது அவங்க பாடு.

எனக்கு இதுதான் சரின்னு படுது. ஓனரிடம் சொன்னேன்.

"அந்தப் பொட்டி எங்கங்க இருக்கு?"

மும்பையா இருக்கலாம், பெங்களூரா இருக்கலாம்.

"போய்ப் பார்க்க முடியுங்களா?"

வண்டியில இருக்கிற கருவியோட வயரை டிரைவர் பிடுங்கினா அலாரம் வரும். அதுக்குள்ள சின்ன பேட்டரி இருக்கு.

கருவிகள்ல இருக்கிற சிம்மெல்லாம் யார் பேர்ல இருக்கு? கேக்கணும்.