கடைசி வாய்ச்சொல்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தன்னை என்ன கட்டளை கொடுத்துக் கிளப்பினார்கள் என்று தானே பார்த்துக்கொள்ள முடியும். லினக்ஸில் ‘புரோக்’ என்றொரு ஃபோல்டர் உண்டு. அது வட்டில் கிடப்பதல்ல; கேட்கும் நொடியில் கெர்னல் எழுதிக் காட்டுவது. அதற்குள் ‘செல்ஃப்’, அதற்குள் ‘சிஎம்டிலைன்’. எந்த நிரல் திறந்தாலும் அதனதன் கட்டளையே கிடைக்கும். திரையில் பார்த்தால் சொற்கள் ஒட்டிக்கொண்டு தெரியும். நடுவே இருப்பது கண்ணுக்குத் தெரியாத சுழி பைட்.

ஆனால் அது நாம் தட்டிய வரி அல்ல. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நட்சத்திரக் குறி போட்டால், நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஷெல் அதைக் கோப்புப் பெயர்களாக விரித்த பிறகுதான் நிரலை எழுப்புகிறது. மேற்கோள் குறிகளை உரித்துவிடுகிறது. வெளியீட்டை வேறு கோப்புக்குத் திருப்பச் சொன்னதை நிரலிடம் சொல்வதே இல்லை.

நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு இது, காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களமாகவே தெரிகிறது. விடியுமுன் அம்மா வரிசையில் நிற்பார். துரை கிராணியிடம் சொன்னதும் கிராணி கங்காணியிடம் சொன்னதும் அவர் காதுக்கு வராது. “மேட்டு நிரைக்குப் போம்மா” என்ற கடைசி வாய்ச்சொல் மட்டும் வரும். நேற்றுவரை அங்கே பால் வெட்டியவர் எங்கே, இன்று ஏன் இவர் என்பதெல்லாம் மேலேயே நின்றுவிடும். கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நடப்பார்.

கட்டளையின் முதல் சொல்லான நிரலின் பெயரையும் நம்பிவிடக் கூடாது. கிளப்புகிறவர் எந்தப் பெயரையும் வைக்கலாம். உண்மையில் ஓடும் கோப்பு எது என்பதை அதே ‘செல்ஃப்’புக்குள் இருக்கும் ‘எக்ஸி’ இணைப்புதான் காட்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள நிரல்கள் கட்டளை இருந்த இடத்தையே அழித்து, இப்போது செய்யும் வேலையை எழுதி வைக்கின்றன, நல்ல பழக்கம். பைத்தான் மொழியிலேயே, கிளப்பிய கட்டளையின் மூல வரிசை முழுதாகக் கிடைத்தது 2021இல் வந்த 3.10 பதிப்பில்தான்.

கட்டளையில் கடவுச்சொல் எழுத மட்டும் நான் யாரையும் விடவே மாட்டேன். வழக்கமான அமைப்பில், அதே கணினியில் கணக்கு உள்ள எவரும் அதைப் படிக்கலாம்.

வருடக்கணக்கில் ஓடும் நிரலைக் கிளப்பியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். தாய் நிரல் முடிந்துவிட்டால், பெரும்பாலும் எண் 1 உள்ள நிரல் அதைத் தத்தெடுத்துக்கொள்ளும். வந்த வழி அதோடு அறுந்துபோகும். அதனால் நான் எழுதும் நிரல்கள் எழுந்தவுடன், கிடைத்த கட்டளை, நின்ற ஃபோல்டர், எழுப்பியவரின் பயனர் பெயர் மூன்றையும் லாக் கோப்பின் முதல் வரியில் எழுதிவிட்டே வேலையைத் தொடங்குகின்றன.