மாடி வகுப்பறைக்கு எந்த மேசை?



நம்ம கோயில் மாடி அறைக்கு மேசை வாங்கப் போறோம். திருமுறை வகுப்பு, தொண்டூழியர் பயிற்சி ரெண்டும் இனி அங்கேதான். "அன்னதான மண்டபத்துல மேசை கிடக்கே, அதையே போட்டா என்ன?"ன்னு சிலர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதனால அளந்தே பார்த்துட்டோம்.

அறை 30 அடி நீளம், 20 அடி அகலம். ஆசிரியருக்கு முன்னால 6 அடி விட்டா மிச்சம் 24 அடி. அன்னதான மேசை 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம். ரெண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட அந்த அகலம் வேணும். வகுப்புல ஒரு பக்கம்தான் உட்காருவோம். புத்தகமும் நோட்டும் வைக்க ஒன்றரை அடி போதும். மேசைக்குப் பின்னால நாற்காலிக்கும் சேர்த்து 3 அடி விட்டுக் கணக்குப் போட்டா, பழைய மேசையில 4 வரிசை, ஒடுக்கமான மேசையில 5 வரிசை. வரிசைக்கு ரெண்டு மேசை, மேசைக்கு மூணு பேர். 24 பேர் இடத்துல 30 பேர் படிக்கலாம். நடுவுல 4 அடி வழி, சக்கர நாற்காலியும் தாராளமா போகும்.

ஆனா எண்ணிக்கை மட்டும் பார்த்தா போதாது. போன தைப்பூசப் பயிற்சியில சமையல்கட்டு அம்மா ஒருத்தர் கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. டீ குடிச்ச பிறகு மேசைகளை 'ப' வடிவத்துல திருப்பிப் போட்டோம். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிஞ்சது. அப்பதான் அவங்க சொன்னாங்க: "தம்பி, தண்ணி கொடுக்கிற இடம் வெயில்ல இருக்கு. காவடி எடுக்கிறவங்க வெறுங்காலோட அங்க எப்படி நிப்பாங்க?" அறையில வேற யாருக்கும் அது தோணல. அன்னைக்கே தண்ணிப்பந்தல் நிழலுக்கு மாறுச்சு.

அதனால சக்கரம் வச்ச மடக்கு மேசை 10 வாங்கலாம்னு நினைக்கிறோம். வகுப்புக்கு வரிசை. பயிற்சிக்கு 6 மேசையை 'ப'வா போட்டா 18 பேர். பஜனைக்கு எல்லாத்தையும் மடக்கிச் சுவரோரம் தள்ளிட்டுப் பாய் விரிச்சுடலாம். சாதாரண மேசையை விட விலை கூடத்தான். உங்க காணிக்கைப் பணம், அதான் முன்னாடியே சொல்றேன்.

வர ஞாயிறு காலை பூஜை முடிஞ்சு மாடிக்கு வாங்க. மேசை அளவுக்குத் தரையில டேப் ஒட்டி, நாற்காலி போட்டு வச்சிருப்போம். உட்கார்ந்து, எழுந்து, நடந்து பாருங்க. கைத்தடி, சக்கர நாற்காலியில வர்றவங்க அவசியம் வரணும், மின்தூக்கி இருக்கு. இடிக்குது, நெருக்குதுன்னா அங்கேயே சொல்லிடுங்க. அதுக்கப்புறம்தான் ஆர்டர் கொடுப்போம்.